ஊர் காணலும் ஊர் காட்டலும்

ஊர் காணுதல் தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் அடியிலும், சிங்கப்பூரின் கடற்கரை நடைபாதையிலும் கைகோத்து உலவும் தம்பதியரைக் காண்போர், இப்பழக்கம் வானூர்தியோடு வந்தது என்று எண்ணக்கூடும். அங்ஙனம் எண்ணுதல் பொருந்தாது. வாணிகம் பெருகிய துறைமுக நகரொன்றை, அதன் விழாக் காலத்தில், தொலை நாட்டிலிருந்து வந்த ஆணும் பெண்ணும் ஆற அமரச் சுற்றிப் பார்த்த காட்சி சிலப்பதிகாரத்திலேயே விரிவாக அமைந்துள்ளது. அந்நகர் புகார். அதன் அங்காடிக்குக் காழகம் என்னும் நாட்டின் பொருள்களும் வந்திறங்கின என்று பட்டினப்பாலை கூறும். காழகமாவது கடாரம் என்பது நச்சினார்க்கினியர் உரை. கடாரம் இன்றைய கெடா மாநிலப் பகுதி. ஆகவே புகாரின் கடைத்தெருவில் உலவியவர்கள் இம்மலாய் நாட்டுச் சரக்கையும் கண்டிருப்பர் என்று கொள்ள இடமுண்டு.

காணல் வேறு, காட்டல் வேறு. கண் திறந்திருப்பவர் எவரும் ஊரைக் காணலாம். உடன் வருபவர்க்கு அதைக் காட்டுவதற்கோ அறிவும் வேண்டும், அன்பும் வேண்டும். இவ்விரண்டினுள் எது ஒரு படைப்பில் நிகழ்கிறது என்று நோக்கினால், அப்படைப்பு நகரை எப்படி மதிக்கிறது, மாந்தரை எப்படி மதிக்கிறது என்பன விளங்கும். இளங்கோவடிகள் இவ்வேறுபாட்டை அறிந்தே மூன்று ஊர்காட்சிகளை அமைத்தார் என்று கருதலாம். பின்வந்த தமிழ்த் திரைப்படங்கள் தென்கிழக்காசிய நகரங்களைக் காட்டிய முறையை அம்மூன்றின் அருகில் வைத்துப் பார்ப்பது பயனுடையது.

விஞ்சையர் இருவர்

கடலாடு காதையின் தொடக்கத்தில், வடக்கே வெள்ளிமலையில் காமவேள் விழாக் கொண்டாடிக்கொண்டிருந்த விஞ்சை வீரன் ஒருவன், தென்திசைப் புகாரில் இந்திர விழா நடைபெறும் காலம் இது என நினைவு கூர்கிறான். உடனே அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிடவில்லை. முதலில் அவ்வூரைப் பற்றிச் சொல்கிறான். நாளங்காடிப் பூதம் அங்கு வந்த வரலாறு, ஐவகை மன்றங்களின் சிறப்பு, மாதவியின் மரபு ஆகியவற்றை விளக்கிய பின்னரே பயணம் தொடங்குகிறது. வழியிலும் அவன் வாளாவிருக்கவில்லை. இமயம், கங்கை, உஞ்சை நகர், விந்தியக் காடு, வேங்கடம், காவிரி நாடு என ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி வருகிறான். புகாரை அடைந்ததும், முன்பு சொன்ன முறைப்படியே தொழுது காட்டுகிறான்.

முன்னர்ச் சொல்லுதல், பின்னர்க் காட்டுதல், காட்டும்போது விளக்குதல் ஆகிய இம்முறை ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அனைவர்க்கும் பழக்கமானது. பாடத்திற்கு முன் மாணவர் மனத்தை ஆயத்தப்படுத்த வேண்டும் என்று பயிற்சி நூல்கள் கற்பிப்பதை, விஞ்சையன் காதலியிடம் இயல்பாகச் செய்கிறான். மாதவி பதினோராடல் ஆடும்பொழுது, ஒவ்வொன்றும் யார் ஆடியது, எங்கு ஆடியது என்று எடுத்துரைக்கிறான். சிவபெருமானின் கொடுகொட்டியில் தொடங்கும் அவ்வரிசை, இந்திராணி ஆடிய கடையத்தில் முடிகிறது. கடையமாவது வயலில் உழைக்கும் உழத்தியின் கோலம் பூண்டு ஆடுவது. தேவர் தலைவி உழைப்பாளியின் வடிவெடுத்ததைக் கடைசியில் வைத்துக் காட்டியமை கருதத்தக்கது.

இங்ஙனம் காட்டப்படும் நகர் வெறும் மாடமாளிகையன்று. முந்திய காதையாகிய இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்து மக்களை அடிகள் வரிசைப்படுத்தியிருக்கிறார். பிட்டு விற்போர், அப்பம் சுடுவோர், மீன் விற்போர், உப்பு விற்போர், வெண்கலக் கன்னார், தச்சர், கொல்லர், தட்டார், தையற்காரர், செம்மார், பாணர் என அப்பட்டியல் நீளும். கடல் கடந்து வந்து ஒருங்கு வாழ்ந்த பிறநாட்டாரும் அதில் உளர். நகரை ஆக்கிய கைகளை முதலில் காட்டிவிட்டு, அதன் பிறகே விழாவைக் காட்டுவது காப்பியத்தின் முறை.

விளக்கு நிறைந்த வழி

இரண்டாம் காட்சி கோவலனும் மாதவியும் கடலாடச் செல்வது. இருள் முற்றும் நீங்காத வைகறையில், அவன் கோவேறு கழுதை மீதும் அவள் வண்டியிலுமாகப் புறப்படுகின்றனர். அவ்வழியெங்கும் விளக்குகள் எரிகின்றன. சாந்தும் பூவும் விற்போர் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, மரக்கலங்களை அழைக்கும் கலங்கரை விளக்கு, பரதவரின் திமில் விளக்கு, வேற்றுமொழி பேசும் நாட்டாரின் அணையா விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு எனப் பல. ஒவ்வொரு விளக்கும் ஒரு தொழிலாளியின் பெயரோடு நிற்கிறது. இரவில் ஒளிரும் நகரத்தின் அழகை வியப்பவர் பலர். அவ்வொளி யாருடைய உழைப்பால் எரிகிறது என்று எண்ணிச் சொன்னவர் மிகச் சிலர்.

ஆயினும் இப்பயணத்தில் காட்டுவோர் இல்லை. விஞ்சையன் தன் காதலியிடம் பேசியது போல் கோவலன் மாதவியிடம் ஒன்றும் எடுத்துரைக்கக் காணோம். அவன் ஊடல் மனத்தோடு இருந்தவன். அவள் அதனைத் தணிக்கத் தன்னை அணி செய்துகொண்டு வந்தவள். புன்னை நீழலில் திரை சூழ அமர்ந்து யாழெடுத்த பிறகு, ஒருவர் பாட்டில் மற்றவர் வேறொருவரைக் கேட்கின்றனர். கானல்வரி பிரிவில் முடிகிறது. ஒரே வழியில் சென்று, ஒரே கடலைக் கண்டும், இருவரும் தத்தம் மனத்தையே கண்டனர். அருகருகே நடப்பது மட்டும் உடன் காணுதல் ஆகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

தனியே கண்ட மதுரை

மூன்றாம் காட்சி மதுரை. புகாரை விட்டுப் புறப்பட்டுச் சிறிது தூரம் நடந்ததுமே, மதுரை எங்கே இருக்கிறது என்று கண்ணகி கேட்டதை நாடுகாண் காதை கூறும். அவளுக்கும் ஊர் காணும் ஆவல் இருந்தது என்பதற்கு அவ்வெள்ளை வினாவே சான்று. ஆனால் மதுரையை அடைந்ததும் நடந்தது என்ன? கவுந்தியடிகளின் பாதுகாப்பில் அவளைப் புறஞ்சேரியில் விட்டுவிட்டுக் கோவலன் தனியே நகருக்குள் செல்கிறான். ஊர்காண் காதை முழுவதும் அவன் கண்டதே. பரத்தையர் வீதி, மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி எல்லாம் கண்டு மகிழ்ந்து திரும்புகிறான்.

வணிகம் செய்ய இடம் தேடிச் சென்றவன் தனியே சென்றது முறைதானே என்று சிலர் வாதிடுவர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. அயலூரில் மனைவியைத் தெருத்தெருவாக அழைத்துச் செல்வது அக்கால வழக்கிற்கு ஒவ்வாதிருக்கலாம். ஆனால் அடிகள் காதைகளுக்குப் பெயரிட்ட முறையை நோக்க வேண்டும். கணவன் நகர் கண்டது ஊர்காண் காதை. மனைவி பின்னர்ச் சிலம்பு ஏந்தி அதே நகரின் தெருக்களில் அழுதும் அரற்றியும் வந்தது ஊர்சூழ்வரி. காண்பவன் கண்ட அழகு ஒன்றும் அவளுக்குக் காட்டப்படவில்லை. அவள் கண்ட மதுரை கணவனின் குருதி படிந்த மதுரை. அந்நகர் எரிவதற்குக் காரணம் அரசன் வழுவியதே ஆயினும், நகரின் இன்பத்தில் பங்கு பெறாத ஒருத்தி அதன் அநீதியை மட்டும் முழுமையாகப் பெற்றாள் என்பதை இவ்விரு தலைப்புகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

ஆகவே காப்பியம் வகுத்துத் தரும் அளவுகோல் இது: காட்டுபவர் உடன் வருபவரை மதிக்க வேண்டும், காட்டப்படும் நகரில் அதன் மக்கள் இருக்க வேண்டும்.

திரைச்சீலையான நகரம்

இனித் தற்காலத்திற்கு வருவோம். 1970ஆம் ஆண்டுகளில் தமிழ்த் திரைப்படங்கள் தென்கிழக்காசிய நகரங்களை நாடி வரத் தொடங்கின. எம்.ஜி.ஆர். நடித்து இயக்கிய 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973இல் வெளிவந்தது. எஸ்.பி. முத்துராமன் இயக்கிய 'ப்ரியா' 1978இலும், கே. பாலசந்தர் இயக்கிய 'நினைத்தாலே இனிக்கும்' 1979இலும் வந்தன. பின்னவை இரண்டிலும் சிங்கப்பூர் மிகுதியாகக் காட்டப்பட்டது. தூய்மையான சாலைகளும், உயர்ந்த மாடங்களும், பூங்காக்களும், படகுத் துறையும் காதலர் பாடலுக்குப் பின்னணியாயின.

இப்படங்களை எளிதில் தள்ளிவிட இயலாது. தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டிய படத்தைத் தரையில் பாய் விரித்து அமர்ந்து பார்த்த பால் மரத் தொழிலாளிக்கு, அயல்நாடு காணும் வழி வேறு ஏது? சில நூறு கல் தொலைவிலுள்ள சிங்கப்பூரையே திரையில்தான் அவர் கண்டார். அந்த மகிழ்ச்சி பொய்யன்று. 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் நாயகி நோயால் நாள் எண்ணுபவள். ஆதலின் அவளுடைய நகருலாவில் ஒரு துயர நிழலும் படிந்திருக்கிறது. அதனால் அப்படம் ஏனையவற்றினும் ஒரு படி உயர்ந்து நிற்கிறது.

எனினும் அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது குறை வெளிப்படுகிறது. 'ப்ரியா' சுஜாதாவின் நாவலைத் தழுவியது. நாவலில் கதை நிகழும் இடம் லண்டன். படத்தில் அது சிங்கப்பூராக மாறியது. லண்டனில் நிகழ்ந்த கதை சிங்கப்பூருக்குப் பெயர்ந்தும் கதைக்கு ஊறு நேரவில்லை என்றால், அந்நகரம் கதையில் எவ்விடத்தைப் பெற்றது என்பது எண்ணத்தக்கது. புகாரை எடுத்துவிட்டு உறையூரை வைத்தால் கடலாடு காதை நிற்காது. கடலே இல்லாமற் போகும். இங்கோ நகரம் நாடக மேடையின் திரைச்சீலை. ஒன்றைச் சுருட்டி மற்றொன்றைத் தொங்கவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. இப்பாடல்களில் நாயகன் நாயகிக்கு ஒன்றையும் காட்டுவதில்லை. இருவரும் ஒளிப்படக் கருவியை நோக்கி ஆடுகின்றனர். கருவிதான் நகரைக் காட்டுகிறது, அதுவும் கொட்டகையில் அமர்ந்திருப்பவர்க்கு. அத்தெருக்களைப் போட்டவர், அத்துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், அங்கேயே கடை வைத்து வாழும் தமிழர், சீனர், மலாய்க்காரர் ஆகியோர் முகங்கள் சட்டகத்தின் ஓரத்தில் கணப்பொழுது தோன்றி மறைகின்றன. மருவூர்ப்பாக்கத்துப் பட்டியலுக்கு அங்கு இடமில்லை.

உரைநடை இவ்வகையில் திரையை முந்தியது. ப. சிங்காரம் எழுதி 1972இல் நூலாக வந்த 'புயலிலே ஒரு தோணி' மெடானையும் பினாங்கையும் அவற்றின் கடைகள், வட்டித் தொழிலாளர், போர்க்காலக் கூட்டங்கள் ஆகியவற்றோடு காட்டியது. ஆசிரியர் இளமையில் மெடானில் வாழ்ந்தவராதலின், அந்நகரை வேறொன்றாக மாற்ற அந்நாவலில் வழியில்லை. நாயகன் பாண்டியன் அயல்நகர்த் தெருவில் நடக்கையில் மதுரையின் தெருக்கள் அவன் நினைவில் எழுகின்றன. ஆனால் அவனும் கோவலனைப் போலத் தனியே காண்பவனே.

தோட்டத்துத் தம்பதியர்

பா. இரஞ்சித் இயக்கிய 'கபாலி' 2016இல் வந்தபொழுது, நெடுநாள் விடுபட்டிருந்த ஒன்று திரையில் ஏறியது. தோட்டத் தொழிலாளியாக இருந்து கூலி உயர்வுக்குப் போராடியவனே அதன் நாயகன். கோலாலம்பூர் இங்கு அழகுக்காகக் காட்டப்படவில்லை. யார் உழைப்பில் எழுந்தது, யார் கையில் இருக்கிறது என்ற வினாவோடு காட்டப்பட்டது. இருபத்தைந்து ஆண்டு சிறையிலிருந்து மீண்டவன், இறந்துவிட்டதாக நினைத்த மனைவி குமுதவல்லியைத் தேடுவதே படத்தின் உயிர்ப்பகுதி. துப்பாக்கிச் சண்டைகள் அவ்வுயிர்ப்பை இடையிடையே நெரித்தாலும், மலேசியத் தமிழர் வரலாற்றை இந்நகரோடு இணைத்த பெருமை அதற்கு உண்டு. இருந்தும் ஒரு குறை எஞ்சுகிறது. அத்தம்பதியர்க்கு அமைதியாக ஊர் காண நேரமே வாய்க்கவில்லை.

இது படத்தின் குறை மட்டுமன்று; வாழ்க்கையின் குறையும் ஆகும். வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ஓய்வு என்பது எளிதில் கிட்டிய பொருளன்று. விடியுமுன் பெரட்டு, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுக் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் பால் வெட்டுக்குச் செல்லுதல், நண்பகலுக்குப் பின் வீட்டுவேலை, காய்கறித் தோட்டம், கோழி, மாடு. ஞாயிறன்றும் துணி துவைத்தலும் விறகு சேர்த்தலும் காத்திருக்கும். ஆண்டில் ஒருநாள் தைப்பூசத்திற்கு லாரியேறிப் பத்துமலை செல்வதும், தீபாவளிக்கு முன் துணி எடுக்கப் பட்டணம் போவதுமே பலருக்கு ஊர் காணும் வாய்ப்பாக இருந்தன. அப்பயணத்திலும் கணவன் கண்டது ஒரு கோலாலம்பூர். பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் சுமந்து பின்னால் நடந்த மனைவி கண்டது வேறொரு கோலாலம்பூர். ஊர்காண் காதையும் ஊர்சூழ்வரியும் அங்கும் இரண்டாகவே இருந்தன.

ஆயினும் விஞ்சையர் முறை அறவே இல்லாமற் போகவில்லை. இரயில் தண்டவாளத்தைக் காட்டி, இதனைப் போட்டவர்களில் நம்மவரும் இருந்தனர் என்று பிள்ளைகளுக்குச் சொன்ன பெற்றோர் உண்டு. பத்துமலைக் குகைக்கோயில் தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது என்று படியேறும்போதே கதை சொன்ன தாத்தாக்களும் உண்டு. 272 படிகளுக்கும் போதுமான கதை அவர்களிடம் இருந்தது. எழுத்திலும் திரையிலும் ஏற வேண்டியது இவ்வூர் காட்டலே. கடற்கரையில் ஆடும் காதலரைக் காட்டிய கலை, சம்பள நாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமையில் பேருந்திலிருந்து இறங்கி, ஒருவர்க்கொருவர் நகரைக் காட்டிக்கொண்டு மெல்ல நடக்கும் தோட்டத்துத் தம்பதியரையும் காட்டலாம். அது சிறிய கதையாகத் தோன்றும். ஆனால் அவர்தம் பேச்சில் ஒரு நூற்றாண்டு வெளிவரும்.

கோலசிலாங்கூரில் காட்டத்தக்கவை

இவ்வளவுகோலைத் தலைநகருக்கு மட்டும் பயன்படுத்திச் சொந்த ஊருக்குப் பயன்படுத்தாமலிருப்பது நடுவுநிலைமையாகாது. வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூருக்கு வரும் தம்பதியர் பலர். புக்கிட் மெலாவாத்தி குன்றில் ஏறி, 1784இல் டச்சுக்காரர் கைப்பற்றிய கோட்டையின் பீரங்கிகளையும், 1907இல் எழுந்த கலங்கரை விளக்கத்தையும் பார்க்கின்றனர். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி, சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஒருங்கே மின்னி ஒருங்கே அணையும் மின்மினிகளைக் கண்டு வியக்கின்றனர். காணத்தக்க காட்சிதான். புகாரின் விளக்குகளை நினைவூட்டும் காட்சியும் அதுவே.

ஆனால் புகாரின் விளக்குகளுக்கு உரியவர்கள் சொல்லப்பட்டனர். இங்கு வரும் வழியில் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை முதலிய இடங்களைக் கடக்கும் கார்கள் நிற்பதில்லை. பெஸ்தாரி ஜெயா என இன்று பெயர் வழங்கும் அப்பத்தாங் பெர்ஜுந்தையின் அருகில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917இல் இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டமாக அது தொடங்கப்பெற்றது. இன்று நாடெங்கும் பரந்து கிடக்கும் செம்பனைத் தொழில் வேர் விட்ட இடம், தமிழ்ப்பெயர் தாங்கி நிற்கிறது. அதனை நிறுவிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, கோலசிலாங்கூர்த் தோட்ட வாழ்க்கையின் பட்டறிவைக் கொண்டு எழுதிய 'மலேஸி' என்னும் நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. துரை பங்களாவிலிருந்து பார்த்தவருக்கும் இம்மண் ஒரு பெருநூலுக்குப் போதுமானதாக இருந்தது. லயத்திலிருந்து பார்த்தவர்களிடம் எத்தனை நூல்கள் இருத்தல் கூடும்!

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், விற்கப்பட்டும், வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் வரும் காலம் இது. லயங்கள் இடிந்தபின் காட்டுவதற்குக் கட்டடம் இராது, சொல்லே மிஞ்சும். கடலாடு காதையை வகுப்பில் பயிற்றும் ஆசிரியர்கள் பதினோராடலின் பெயர்களை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், வெளியூர் விருந்தினர்க்குத் தம் ஊரை எவ்வாறு காட்டுவர் என்று மாணவரை எழுதச் செய்யலாம். கோயில் யார் கட்டியது, பள்ளி எப்பொழுது தொடங்கிற்று, முதல் மரத்தை வெட்டியவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அவர்கள் பாட்டி தாத்தாவிடம் கேட்க நேரும். கேட்டதை வரிசைப்படுத்த நேரும். ஊர் காட்டல் அங்கே தொடங்கும்.

எழுத்தாளர்க்கும் திரைத்துறையினர்க்கும் கூறத்தக்கதும் இதுவே. தென்கிழக்காசிய நகரங்கள் தமிழர்க்கு வெறும் விடுமுறைக் காட்சிகளல்ல. அவற்றின் துறைமுகத்திலும் தண்டவாளத்திலும் தோட்டத்திலும் தமிழர் வியர்வை உண்டு. அதனைச் சொல்லாமல் கோபுரத்தை மட்டும் காட்டுவது கோவலன் கண்ட மதுரை. உழைத்தவரைக் கூறி, உடன் வருபவரை மதித்துக் காட்டுவது விஞ்சையன் காட்டிய புகார். இரண்டையும் இளங்கோவடிகள் முன்னரே எழுதி வைத்துவிட்டார். எதனைப் பின்பற்றுவது என்பது பின்வந்தோர் பொறுப்பு.